பொருள் இல்லாமல் அனுப்பவா?

"பொருள் இல்லாமல் அனுப்பவா?" என்று கம்ப்யூட்டர் கேட்டது.

லேபிள்காரர் மூக்குக்கண்ணாடியைச் சரி செய்துகொண்டு அந்த வரியை இரண்டு தடவை படித்தார். நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. பத்தொன்பது வருஷம் ஒரு வாஷ்பேசின் கிடங்கில் மேற்பார்வையாளராக இருந்தவர் அவர். வண்டி கிளம்புவதற்கு முன்னால் டிரைவர்கள் எல்லாரும் கேட்கிற கேள்விதான் இது. பொருள் ஏதாவது போகிறதா, இல்லை வெறும் காகிதம்தானா? இப்போது அவர் அனுப்பப்போவது ஒரு வேலை விண்ணப்பமும் தன்னைப் பற்றிய இரண்டு பக்கமும். வாஷ்பேசின் எதுவும் கூடப் போகவில்லை.

"ஆமாப்பா, வெறும் பேப்பர்தான்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டு, 'ஆம்' என்ற இடத்தில் அமுக்கினார். மெயில் போய்ச் சேர்ந்தது. அன்று புதன்கிழமை. அந்த ஒரு அமுக்கலோடு மனிதர் சும்மா இருந்திருந்தால் யாருக்கும் ஒரு தொல்லையும் வந்திருக்காது.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் கிடங்கில் ஒரு பெட்டி கூட அவர் கையால் லேபிள் ஒட்டாமல் வெளியே போனதில்லை என்பதால், 'லேபிள்காரர்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. நாலு மாதத்துக்கு முன்னால் கிடங்கை இழுத்து மூடினார்கள். வேலை போனது, பழக்கம் போகவில்லை. வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே சமையலறை டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டினார். 'சர்க்கரை. உப்பு அல்ல' என்று ஒன்று. 'உப்பு. மேலே சொன்னதைப் பார்க்கவும்' என்று இன்னொன்று. இரண்டாவது வாரம் சுவிட்சுகள். மூன்றாவது வாரம் ஒட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் சோபாவில் உட்கார்ந்திருந்தவரின் முதுகில், கல்லூரியில் படிக்கும் மகள் சத்தமில்லாமல் ஒரு லேபிளை ஒட்டிவிட்டாள். 'அசையாப் பொருள்' என்று எழுதியிருந்தது. அதோடு அவர் கடைக்குப் போய்ப் பால் வாங்கி வந்தார்.

மனைவி தொடக்கப் பள்ளியில் கணக்கு டீச்சர். பொறுமைசாலி. இருந்தாலும் நாலாவது மாதத்தில் அவளும் ஒரு கோடு கிழித்தாள்.

"இந்த மாசக் கடைசிக்குள்ள ஒரு வேலை. இல்லேன்னா ஒண்ணாம் தேதி என் தம்பி கடைக்குப் போயிடுங்க."

தம்பி வைத்திருப்பது செல்போன் கவர் கடை. அங்கே மாமாவுக்கென்று ஒரு ஸ்டூலைத் தயாராக வைத்திருந்தான். ஒரு கால் கொஞ்சம் கட்டையான ஸ்டூல். நல்ல பையன்தான், வாயைத் திறந்தால் மட்டும் மூடத் தெரியாது. காலை பத்து மணியிலிருந்து இரவு வரை அந்த ஸ்டூலில் ஆடிக்கொண்டே அவன் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்க லேபிள்காரர் தயாராக இல்லை. அதனால்தான் குடைக் கம்பெனி விளம்பரத்தைப் பார்த்ததும் துள்ளிக் குதித்து உட்கார்ந்தார்.

'கிடங்கு மேற்பார்வையாளர் தேவை. மின்னஞ்சலில் விண்ணப்பிக்கவும். பொருள் தெளிவாக இருக்க வேண்டும். கடைசி நாள்: வெள்ளி மாலை ஐந்து மணி.'

மாலையில் மகள் வந்து அனுப்பிய மெயிலைப் பார்த்தாள். பார்த்ததும் பையைக் கூட இறக்கி வைக்காமல் அப்படியே நின்றாள்.

"என்னப்பா, சப்ஜெக்டே போடாம அனுப்பியிருக்கீங்க?"

"கேட்டுச்சும்மா. பொருள் இல்லாம அனுப்பவான்னு மரியாதையாத்தான் கேட்டுச்சு. ஆமான்னேன்."

"பொருள்னா சாமான் இல்லப்பா. எதைப் பத்தின லெட்டர்னு மேல ஒரு வரி எழுதறதில்ல, அது. அது இல்லேன்னா யாரும் தொறந்தே பாக்க மாட்டாங்க."

லேபிள்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பள்ளிக்கூடத்தில் லீவு லெட்டர் எழுதும்போது 'பொருள்' என்று ஒரு வரி எழுதியது, முப்பத்தைந்து வருஷம் கழித்து இப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. தப்பு செய்தால் உடனே ஒத்துக்கொண்டு திருத்துவது கிடங்குக்காரர் குணம். மகள் முகம் கழுவப் போன நேரத்தில் இரண்டாவது மெயிலை அனுப்பிவிட்டார். இந்த முறை பொருளை மறக்கவில்லை.

'முன்பு நான் அனுப்பியதில் பொருள் இல்லை.'

மனைவி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"நீங்க அனுப்புனதுல ஒரு அர்த்தமும் இல்லைன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. படிக்கறவங்க ஒத்துக்கத்தானே செய்வாங்க?"

"நான் சொன்ன பொருள் வேற, நீ சொல்ற பொருள் வேற."

"அது உங்களுக்கும் எனக்கும் தெரியும். குடைக் கம்பெனிக்குத் தெரியுமா?"

உடனே மூன்றாவது மெயில் போனது: 'முந்தைய மெயில்களைப் பொருட்படுத்த வேண்டாம்.' இதில் எங்கும் இடிக்கவில்லை என்று அவருக்குத் திருப்தி. கை கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். இரண்டு வாய் போவதற்குள் மகள் கேட்டாள்.

"இந்த மூணாவது மெயில்ல உங்க விண்ணப்பத்தை வெச்சீங்களாப்பா?"

"அதான் மொதல் மெயில்லயே வெச்சுட்டேனே."

"அந்த மொதல் மெயிலைத்தானே இப்ப பொருட்படுத்த வேண்டாம்னு சொல்லியிருக்கீங்க?"

லேபிள்காரர் கையிலிருந்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். அன்றைக்கு அதற்குமேல் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வியாழக்கிழமை காலை மைத்துனன் வந்தான். விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் சட்டமாக உட்கார்ந்தான்.

"மாமா, நீங்க ரொம்ப அடக்கமா எழுதறீங்க. ஒரு நாளைக்கு எரநூறு மெயில் வரும் அவங்களுக்கு. தலைப்பைப் பாத்ததும் பகீர்னு இருக்கணும். உடனே தொறக்கணும்."

"பகீர்னா?"

"எனக்கு வர்ற மெயில்ல நான் எதை மொதல்ல தொறப்பேன் தெரியுமா? கரண்ட் ஆபீஸ் மெயிலை. ஏன்னா அவன்தான் 'கடைசி எச்சரிக்கை'ன்னு போடறான்."

இவ்வளவு நாளும் கடை நடத்துகிறவன் சொன்னால் ஏதோ விஷயம் இருக்கும் என்று லேபிள்காரர் நம்பினார். நாலாவது மெயில் இப்படிப் போனது: 'கடைசி எச்சரிக்கை: பத்தொன்பது வருட அனுபவம்.' விண்ணப்பத்தையும் மறக்காமல் இணைத்தார்கள். மைத்துனன் காபியைக் குடித்துவிட்டு, "வேலை கெடைக்கலேன்னாலும் கவலைப்படாதீங்க மாமா, ஸ்டூலைத் தினமும் தொடச்சுத்தான் வெச்சிருக்கேன்" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனான். அந்த ஆறுதல்தான் லேபிள்காரரை அதிகமாகப் பயமுறுத்தியது.

கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகள் எச்சரிக்கையைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்தாள்.

"மிரட்டி வேலை கேக்கற மொதல் ஆளு நீங்கதாம்பா. ஒரு மன்னிப்பு கேட்டு அனுப்பிடுங்க. டைப் அடிக்க நேரமாகும்னா இந்த மைக்கை அமுக்கிட்டுப் பேசுங்க, அதுவே எழுதிக்கும்."

மைக்கை அமுக்கி, தொண்டையைச் செருமிக்கொண்டு, "எச்சரிக்கைக்கு மன்னிக்கவும்" என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னார். குளியலறையிலிருந்து மனைவியும் அதே நேரத்தில் ஏதோ சொன்னாள். அனுப்பும் பட்டனை அமுக்கினார். வட்டமாக ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது, மெயில் போகவில்லை. மறுபடி அமுக்கினார். லிப்ட் பட்டனாக இருந்தாலும் சரி, எதுவாக இருந்தாலும் சரி, போகவில்லையென்றால் போகிறவரை அமுக்குகிற ஜாதி அவர். மொத்தம் ஏழு தடவை அமுக்கினார். பத்து நிமிஷத்தில் இன்டர்நெட் வந்தது. ஏழும் வரிசையாகப் போயின.

'எச்சரிக்கைக்கு மன்னிக்கவும் ஏங்க குக்கர் எத்தனை விசில் வந்துச்சு.'

பிறகுதான் அவர் அதைப் படித்தார். படித்துவிட்டுச் சமையலறைக்கு ஓடி அடுப்பை அணைத்தார். எத்தனை விசில் வந்தது என்பது கடைசி வரை யாருக்கும் தெரியவில்லை.

மதியம் குடைக் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. நாலு மாதத்தில் ஒரு கம்பெனி அவருக்குப் பதில் போடுவது இதுதான் முதல் தடவை. ஒரே ஒரு வரி.

'ஐயா, தங்கள் மின்னஞ்சல்களின் பொருள் என்ன? இப்படிக்கு, மின்னஞ்சல் பிரிவு.'

கேட்டுவிட்டார்கள். மரியாதையாக, ஐயா போட்டுக் கேட்டுவிட்டார்கள். வீட்டில் யோசனை கேட்க யாரும் இல்லை. நெஞ்சைத் தொட்டு, உள்ளதை உள்ளபடி, ஒரு விரலால் தட்டித் தட்டி அவரே பதில் எழுதினார்.

'எல்லாவற்றுக்கும் பொருள் ஒன்றுதான்: நான்.'

பத்தே நிமிஷத்தில் அடுத்த பதிலும் வந்தது.

'ஐயா, போதும்.'

மாலையில் அந்த ஒரு வார்த்தையை வைத்து வீட்டில் பெரிய விவாதமே நடந்தது. மைத்துனன் போனிலேயே தீர்ப்புச் சொன்னான். "போதும்னா என்ன மாமா, நீங்க ஒருத்தரே போதும், வேற ஆளே வேணாம்னு அர்த்தம். வேலை கெடைச்சாச்சு."

மகள் ஒத்துக்கொள்ளவில்லை. "தாங்க முடியாதவங்கதான் அப்படிச் சொல்லுவாங்கப்பா. கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்ற மாதிரி இருக்கு."

லேபிள்காரர் இரண்டு பேர் சொன்னதையும் கேட்டார். மகள் சொன்னதுதான் சரி என்று அவருக்கே தெரிந்தது. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு மனைவி பள்ளியிலிருந்து வந்தபோது, அவர் கம்ப்யூட்டரை மூடி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"அனுப்பலையா? இன்னும் அரை மணி நேரம் இருக்கே."

"எதுக்கு? பன்னண்டு அனுப்பியாச்சு. ஒண்ணு கூட உருப்படியா இல்ல. எனக்கு இதெல்லாம் வராது. ஒண்ணாம் தேதி உன் தம்பி கடைக்கே போயிடறேன்."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் இப்படித் தோற்றுப்போய்ப் பேசி அவள் கேட்டதில்லை. அவளுக்குச் சங்கடமாக இருந்தது.

"நான் ஒண்ணு கேக்கறேன். கிடங்குல ஒரு பெட்டி மேல லேபிள் ஒட்டுவீங்களே, அதுல பகீர்னு எழுதுவீங்களா? மன்னிப்பு கேப்பீங்களா?"

"லேபிள்ல எதுக்கு அதெல்லாம்? உள்ள என்ன இருக்கு, எத்தனை இருக்கு, யாருக்குப் போகுது, யாரு அனுப்பறா. அவ்வளவுதான். பெட்டியைப் பிரிக்காமலே தெரியணும்."

"அதையே எழுதுங்களேன்."

லேபிள்காரர் கம்ப்யூட்டரைத் திறந்தார். அவருக்கு இந்த முறை யோசிக்க வேண்டியிருக்கவில்லை, கை தானாக ஓடியது. நாலு ஐம்பத்திரண்டுக்குப் பதின்மூன்றாவது மெயில் போனது. பொருள் வரியில், தன் பெயருக்குப் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தார்: 'பணி: கிடங்கு மேற்பார்வையாளர். உள்ளே: விண்ணப்பம் 1, சொந்த விவரம் 2 பக்கம். அனுபவம்: 19 வருடம். உடைந்தது: 2 மட்டும்.'

"அந்த ரெண்டு எதுக்கு?" என்றாள் மனைவி.

"ரெண்டு பேசின் உடைஞ்சுதே. ஒண்ணு பூனை தள்ளிவிட்டது. லேபிள்ல பொய் எழுதக் கூடாது."

திங்கட்கிழமை போன் வந்தது, செவ்வாய்க்கிழமை நேரில் வரச் சொன்னார்கள்.

குடைக் கம்பெனியின் வரவேற்பு மேஜையில் இருந்த பெண், அவர் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நீங்கதானா சார் அது?" என்றாள். தன் பெயர் இவ்வளவு தூரம் பரவியிருப்பதில் லேபிள்காரருக்கு உள்ளூர ஒரு பெருமை.

மேனேஜரம்மா கண்ணாடியைத் தலைக்கு மேலே ஏற்றி வைத்துக்கொண்டு அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கிடங்கு வேலைக்கு வேற ஒருத்தரைப் நேத்தே எடுத்துட்டோம்" என்றார்.

லேபிள்காரருக்குக் கண் முன்னால் அந்த ஸ்டூல் வந்து நின்றது. கட்டைக் காலோடு சேர்த்து வந்து நின்றது.

"ஆனா மெயில் பிரிவுல ஒரு இடம் திடீர்னு காலியாயிருக்கு. உங்க மெயிலுக்கும் இந்த இடத்துக்கும் நேரடியா சம்பந்தம் இருக்குங்க."

"ரொம்ப சந்தோஷம்மா" என்றார் லேபிள்காரர்.

"பதின்மூணுல பன்னண்டைப் பத்தி நான் பேசல. அந்தக் கடைசி ஒண்ணு இருக்கு பாருங்க, முந்நூத்துச் சொச்சம் விண்ணப்பத்துல அது ஒண்ணுதான் தொறக்காமலே என்ன ஏதுன்னு புரிஞ்சுது. மிச்சம் அத்தனையும் குவிஞ்சு கெடக்கு. நீங்க வந்து அடுக்குங்க. உங்களால ஆனதை நீங்களே சரி பண்ணினா அது ஒரு நியாயம்தானே?"

கடைசி வாக்கியம் அவருக்குச் சரியாகப் புரியவில்லை. பெரிய இடத்தில் இருப்பவர்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்று விட்டுவிட்டார்.

அன்று மாலை வீட்டில் ஒரே கொண்டாட்டம். மகள் 'அசையும் பொருள்' என்று புதிதாக ஒரு லேபிள் எழுதி அவர் சட்டைப் பையில் ஒட்டினாள். மனைவி சிரித்துக்கொண்டே இருந்தாள், இடையில் ஒரு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மைத்துனனுக்குத்தான் முகம் கொஞ்சம் வாடிவிட்டது.

"பரவால்ல மாமா. நீங்க நல்லா இருந்தா சரி. ஸ்டூலுக்கு வேற ஆளைப் பாத்துக்கறேன். காலைல கூட ஒருத்தன் வந்து வேலை கேட்டான். படிச்ச ஆளு, பதவிசாப் பேசறான். என்ன, பேசிட்டிருக்கும்போது என் போன்ல 'டிங்'னு ஒரு சத்தம் வந்துச்சு. எந்திரிச்சுச் சுவத்தோட ஒட்டி நின்னுட்டான்."

"போன் கடையில வேலைக்கு வர்றவன் அப்படியா இருப்பான்?" என்று லேபிள்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "அவனையே வெச்சுக்க மாப்ள. பாவம், பழகிடுவான்."

அடுத்த திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தார். ஜன்னலோரம் நல்ல இடம், ஆடாத நாற்காலி. மேஜை இழுப்பறையைத் திறந்தால் பாதி தீர்ந்த தலைவலித் தைலம் இரண்டு, காதில் வைக்கிற பஞ்சு ஒரு கட்டு, மனநிம்மதிக்கு மூச்சுப் பயிற்சி செய்வது எப்படி என்று ஒரு துண்டுத்தாள். பழைய ஆள் விட்டுப் போனது போலிருந்தது. மூன்றையும் ஒரு பெட்டியில் போட்டு, 'முன்னவர் உடைமை. பத்திரம்' என்று லேபிள் ஒட்டி ஓரமாக வைத்தார்.

மதியத்துக்குள் நூற்றிருபது மெயிலைப் பிரித்து அடுக்கிவிட்டார். நூற்று இருபத்தொன்றாவதாக ஒன்று வந்தது. பொருள் வரி காலியாக இருந்தது. லேபிள்காரருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"என்ன ஆளுங்க இவங்க. ஒரு வரி எழுதறதுக்கு என்ன கேடு? இருக்கறவன் மண்டை காயாது?"

டீ கொண்டுவந்த அக்கா டம்ளரை மேஜையில் வைத்தாள். அந்த ஆபீசில் நாற்காலிகளை விடப் பழைய ஆள் அவள்.

"நீங்களுமா? உங்களுக்கு முன்னால இருந்தவர் மாதிரியே பேசறீங்க."

"அவரு ஏன்க்கா வேலையை விட்டாரு? நல்ல வேலையாத்தானே இருக்கு?"

"ஆறு வருஷம் அதிர்ந்து பேசாத மனுஷன். போன மாசக் கடைசியில யாரோ ஒரு புண்ணியவான் வேலை கேட்டு மெயில் மேல மெயிலாப் போட்டிருக்கான். பொருள் இல்லைங்கறான், பொருட்படுத்தாதேங்கறான், கடைசி எச்சரிக்கைங்கறான். அப்புறம் குக்கர் எத்தனை விசில்னு ஏழு தடவை கேட்டிருக்கான். 'எத்தனை விசில்னு எனக்கு எப்படிக்கா தெரியும்'னு எங்கிட்ட வந்து அழுதாருங்க. மறுநாளே எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாரு."

லேபிள்காரர் வாயிலிருந்த டீயை விழுங்குவதற்குச் சற்று நேரம் பிடித்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, முடிந்த மட்டும் சாதாரணமாகக் கேட்டார்.

"பாவம். இப்ப எங்க இருக்காராம்?"

"அவருக்கென்னங்க, ஏதோ செல்போன் கவர் கடையில, முதலாளி யாரோ மாமாவுக்குன்னு காலியாவே வெச்சிருந்த ஸ்டூல்ல நிம்மதியா உக்காந்திருக்காரு, ஒரு கால் மட்டும் ஆடுதாம்."